கிளாக்கருக்கு வெயில் காட்டிய கதை

முதலில் கட்டு அறும். விரலைச் சொடுக்கியது போல ஒரு சின்னச் சத்தம். அதன்பிறகு காய்ந்த தென்னோலைக் கிடுகு மற்றக் கிடுகுகளின்மேல் உரசிக்கொண்டு சரிகிற நீளமான பெருமூச்சு. கடைசியில் முற்றத்து மணலில் மெத்தென்று ஒரு விழுகை. கொஞ்ச நேரம் அமைதி. பிறகு மறுபடியும் ஒரு சொடுக்கு.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரு காலை, எங்கள் வீட்டுக் கூரையில் கேட்ட சத்தம் இது. முப்பது வருடத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் எங்காவது காய்ந்த ஓலை உரசினால் என் கை வேலையை விட்டு நின்றுவிடும்.

அந்தக் கூரைக்கு நேர் கீழே, கட்டிலில், என் கணவர் அழகரத்தினம் நித்திரையாக இருந்தார். கூரையைப் பிரிக்கச் சொன்னது நான்.

அவர் கண் விழித்தபோது தலைக்கு மேல் வானம் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். ஒரு கொக்கு கடந்து போயிற்று. பிறகு மிகவும் மரியாதையான குரலில் என்னைக் கூப்பிட்டார்.

"சீதேவி, நம்மட வீடு எங்க?"

என் செயலை நியாயப்படுத்த வேண்டுமானால் நான் இரண்டு வருடம் பின்னால் போக வேண்டும்.

என் கணவர் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். இருபத்தெட்டு வருடம் மற்றவர்களின் வயலுக்குக் கடதாசியில் தண்ணீர் பாய்ச்சியவர். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பழுகாமத்துக்கு அப்பால், வாவியை ஒட்டிய சின்ன ஊர் எங்களுடையது.

தொண்ணூறாம் ஆண்டு இராணுவம் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் ஊர் ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் கொண்டுவந்து இருத்தினார்கள். காலை ஏழு மணியிலிருந்து பின்னேரம் ஐந்து மணிவரை வெயிலில். சாக்கால் மூடிய ஒரு முகத்தை அவர்களுக்கு முன்னால் நடத்தி வந்தார்கள். அந்த முகம் சிலருக்கு முன்னால் தலையை ஆட்டியது. ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். என் கணவருக்கு முன்னால் ஆட்டவில்லை. வீட்டுக்கு வந்தார். ஒரு செம்பு தண்ணீர் குடித்தார். கதவுக்குத் தாழ் போட்டார். மறுநாள் நாட்குறிப்பில் ஒரு தீர்மானம் எழுதினார்: 'சண்டை முடியும்வரை வாசற்படியைத் தாண்டுவதில்லை.' கையொப்பம், திகதி எல்லாம் இருந்தன. எனக்கும் ஒரு பிரதி கிடைத்தது.

ஒரு கிழமையில் வெளியே வருவார் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் சண்டை முடிந்துவிடும் என்று அவர் நினைத்தார். இரண்டு பேருக்கும் கணக்குப் பிழைத்தது.

பின்கதவால் கிணற்றடிக்கு விடியுமுன் ஒருமுறை, பொழுது பட்டபின் ஒருமுறை. மற்ற நேரமெல்லாம் வீட்டுக்குள். நாய் குரைத்தால் தாழ். மாடு கனைத்தால் தாழ். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து விசாரணை நடக்கும்.

"ஆரு?"

"நான்தான்."

"நான்தான் எண்டா ஆரு?"

முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் பெயரும் பதவியும் சொன்ன பிறகுதான் தாழ் விலகும்.

இரண்டாவது வருடம் அவர் உடம்பு முறைப்பாடு செய்யத் தொடங்கியது. முதலில் முழங்கால். பிறகு இடுப்பு. பிறகு நெஞ்சுக்கூட்டில் கை பட்டாலே வலி. நடக்கும்போது வாத்துப் போல இரண்டு பக்கமும் சரிந்தார். நிலத்தில் இருந்தால் எழும்ப முடியாது. கதிரையில் இருந்து எழும்புவதென்றாலும் இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, தன் உடம்பின்மேல் தானே ஏறுகிறவரைப் போல எழும்புவார். நிறம் மட்டும் நன்றாக வெளுத்தது. கண்ணாடியில் பார்த்துவிட்டு, அது நல்ல அறிகுறி என்றார்.

தொண்ணூற்றோராம் ஆண்டு ஆனியில் எங்கள் ஊர்ப் பக்கம் ஷெல் விழுந்தது. ஊர் முழுவதும் வட்டைக்குள் ஓடியது. வயல்வெளியைத்தான் நாங்கள் வட்டை என்போம். என் கணவர் கதிரையை விட்டு எழும்பவே இரண்டு ஷெல் ஆகிவிட்டது. கடைசியில் நானும் பக்கத்து வளவுக் கந்தப்போடியும் அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஓடினோம். அம்மன் ஊர்வலம் போல இருந்ததாகப் பிறகு எல்லாரும் சொன்னார்கள். அம்மன் வாய் திறவாள். இவர் வழி நெடுக "மெல்ல, மெல்ல" என்றுகொண்டு வந்தார்.

ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, கந்தப்போடிக்கு அறுபத்தைந்து. எங்கள் இரண்டு பேரின் மூச்சும் வரம்புக்கு வரம்பு குறைந்துகொண்டு போனது எனக்குத் தெரியும். இன்னொரு முறை ஓட வேண்டி வந்தால், எங்கோ ஒரு வரம்பில் அந்தக் கதிரையை இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டி வரலாம். கதிரையில் அவர் இருப்பார். அந்தப் படம் என் மனதை விட்டுப் போகவில்லை.

கந்தப்போடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயற்காரர். கூரை வேய்வதில் கைதேர்ந்தவர். மைதானத்தில் தலையாட்டப்பட்டவர்களில் அவருடைய ஒரே மகன் நல்லரத்தினமும் ஒருவன். முப்பது வயது. அன்றைக்குக் கொண்டுபோனவர்கள் பிறகு அவனைக் கொண்டுவரவில்லை. கந்தப்போடியும் மனைவி கண்ணகையும் போகாத முகாம் இல்லை.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு வெளிநாட்டு டாக்டரம்மா வருவார். கணவர் வெளியே வரமாட்டார் என்று சொன்னதும் அவரே வீட்டுக்கு நடந்து வந்தார். என் கணவரின் கணைக்கால் எலும்பைப் பெருவிரலால் அமுக்கினார். கணவர் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறா பறந்தது. குந்தி எழும்பச் சொன்னார். குந்தினார். மேற்கொண்டு நடவடிக்கை எதுவும் இல்லை.

டாக்டரம்மா விளக்கிச் சொன்னார். எலும்பு இறுகுவதற்கு விட்டமின் டி வேண்டும். சாப்பாட்டில் அது கொஞ்சம்தான் இருக்கிறது. மிச்சத்தை வெயில் பட்டால் தோல் தானே சமைத்துக்கொள்ளும். இந்த மனிதரின் தோலில் இரண்டு வருடமாக அடுப்பே மூட்டப்படவில்லை. இப்படியே போனால் எலும்பு இன்னும் இளகும், கால் வளையும், சும்மா திரும்பினாலே முறியும். இரத்தம் சோதித்தால் சரியான அளவு தெரியும். ஆனால் இரத்தம் கொழும்புக்குப் போக வேண்டும், பாதை மூடிக் கிடக்கிறது. வெயிலுக்கு மட்டும் இன்னும் பாஸ் தேவையில்லை என்றார்.

இப்போது எல்லாரும் இரத்தத்தைக் கொடுத்துவிட்டு, எனக்குப் பன்னிரண்டு, எனக்குப் பதினெட்டு என்று பரீட்சைப் புள்ளி போலச் சொல்கிறார்கள். எங்களிடம் அன்றைக்கு எண் இல்லை. அமுக்கினார், கத்தினார். அவ்வளவுதான் சோதனை.

மருந்தும் சொன்னார். கிழமையில் நாலைந்து நாள், ஆளின் நிழல் ஆளைவிடக் குட்டையாக இருக்கிற நேரத்தில், சட்டை இல்லாமல் அரை மணித்தியாலம். எங்கள் நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். தோல் எரியும்வரை இருக்கத் தேவையில்லை. சுகமான பிறகும் விடக் கூடாது, விட்டால் மறுபடியும் குறையும். பெட்டியின் அடியிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து உடைத்துக் குடிக்கக் கொடுத்தார். அதுதான் கடைசி. மற்றதெல்லாம் குழந்தைகளுக்குப் போய்விட்டது.

என் கணவர் கந்தோர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். தங்கள் ஆலோசனை கவனத்திற் கொள்ளப்பட்டது என்பது அதன் பொருள். இருபத்தெட்டு வருடம் அவர் விவசாயிகளுக்கு எழுதிய வசனம் அது. கோவையைக் கட்டி அலுமாரியில் வைத்தாயிற்று என்று எனக்கு விளங்கியது.

வெயிலுக்குப் போகாமல் வெயிலைப் பெறுவது எப்படி என்று அவர் ஆராயத் தொடங்கினார்.

முதலில் சாப்பாடு. எனக்கு இலக்கமிட்ட பட்டியல் ஒன்று வந்தது. ஒன்று, முட்டை மஞ்சட்கரு. எங்கள் இரண்டு கோழியும் ஷெல் சத்தத்தில் முட்டையிடுவதை மறந்து மாதக்கணக்கு. இரண்டு, மீன் எண்ணெய். வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒருவரிடம் ஒரு போத்தல் சுறா எண்ணெய் இருந்தது. வள்ளத்துக்குப் பூசுவதற்கு வைத்திருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி குடித்தார். அன்று பின்னேரம் ஊரிலுள்ள பூனைகள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவர் வாசற்படியைத் தாண்டவில்லை. பூனைகள் தாண்டின.

அடுத்தது கண்ணாடி. எங்கள் வீட்டில் கண்ணாடி போட்ட யன்னல் ஒன்றுதான். என் தகப்பனார் பெருமைக்குப் போட்டது. அதை இறுக்கிச் சாத்திவிட்டு, சட்டையைக் கழற்றி, முதுகைக் கண்ணாடிக்குக் காட்டியபடி ஒரு மாதம் இருந்தார். நாளாந்தம் நேரத்தைக் குறித்து வைத்தார். டாக்டரம்மா அடுத்த தடவை வந்து மறுபடியும் எலும்பை அமுக்கினார். அதே சத்தம். எலும்புக்கு வேண்டிய வெயிலைக் கண்ணாடி உள்ளே விடாது, சூட்டை மட்டும்தான் விடும் என்றார். என் கணவர் ஒரு மாதக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த யன்னலைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. லஞ்சம் வாங்கிவிட்டு வேலை செய்யாத ஆளை அப்படித்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது திட்டம் கால். யன்னலைத் திறந்தால் ஆள் தெரியும். ஆனால் உள்ளே ஒளிந்திருந்து காலை மட்டும் வெளியே நீட்டினால்? ஒரு நாள் ஒரு கால், மறுநாள் மற்றக் கால். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்துக் கதிரையை யன்னலோடு போட்டு, திரைச்சீலையால் உடம்பை மூடி, வலது காலை வெளியே வைத்தார். அப்படியே நித்திரையாகிவிட்டார்.

அந்த நாட்களில் ஒரு கால் தனியாகத் தெரிந்தால் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும்.

சேதி கேட்டு நான் ஓடி வந்தபோது யன்னலடியில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவரும் கிட்டப் போகவில்லை. கண்ணகை மட்டும் போனாள். இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்தாள். புரட்டிக் குதியைப் பார்த்தாள். உள்ளேயிருந்து என் கணவர் அலறினார். வெளியே நின்றவர்களும் அலறினார்கள். ஒரு பெண் மயங்கி விழுந்தாள். பிறகு விஷயம் விளங்கி, எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். இரண்டு வருடத்தில் எங்கள் ஊர் அப்படிச் சிரித்ததை நான் கண்டதில்லை.

கண்ணகையும் சிரித்தாள். காலைப் பூப் போல யன்னல் கட்டையில் திருப்பி வைத்தாள்.

"நம்மட பொடியன்ட குதியில கலப்பை கீறின தழும்பு இரிக்கி ரீச்சர்," என்றாள். "இது கிளாக்கர்ட கால்தான்."

அன்றைக்கு என் கணவர் சாப்பிடவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். முப்பது வருடம் கூட இருந்தும் சில விஷயம் தெரிவதில்லை.

அந்தக் கிழமைதான் எனக்கு யோசனை வந்தது. அவர் வெயிலுக்குப் போகமாட்டார். சரி. வெயில் அவரிடம் வரட்டும்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள். மாப்பிள்ளை கைப்பெட்டியோடு வந்து சேருவார். எங்கள் வீட்டு ஓடுகள் தொண்ணூறில் உடைந்த பிறகு கிடுகுதான் வேய்ந்திருந்தோம். கிடுகை வருடா வருடம் மாற்ற வேண்டும். ஆவணி, புரட்டாதியில், மாரி மழைக்கு முன்னால், காலையில் பிரித்தால் பொழுது படுமுன் புதுக்கிடுகு ஏறிவிடும். ஒரு நாள்கூட வீட்டை வெறுந்தலையாக விடமாட்டார்கள். நான் அந்த வழக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்தேன். பிரிக்கிற நாளுக்கும் வேய்கிற நாளுக்கும் இடையில் கொஞ்சம் இடம் விட்டேன்.

கந்தப்போடியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு கிழமை கூரை இல்லாமல் இருக்க வேண்டும், கேட்டால் புதுக்கிடுகு இன்னும் காயவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். அவர் நெடுநேரம் கையிலிருந்த கயிற்றையே திரித்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர் உள்ளுக்குத்தானே இரிப்பார்?"

"அவரு வேற எங்க போற, போடியண்ண?"

"அப்ப நாளைக்கே வாறன்."

கூலி வேண்டாம் என்றார். என்மேல் இரக்கப்பட்டுத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

இப்படித்தான் அந்தக் காலையில் என் கணவர் வானத்தைப் பார்த்து வீடு எங்கே என்று கேட்டார்.

"வீடு இஞ்சதான் மச்சான். கூரைதான் இல்ல."

"ஆரக் கேட்டுப் பிரிச்ச?"

"ஆரக் கேக்கணும்? என்ட அம்மா எனக்குத் தந்த வீடு."

"அப்ப நான் ஆரு?"

"நீங்க கலியாணத்துக்கு வந்தவர். இன்னும் திரும்பிப் போகல்ல."

ஹெலிகொப்டர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டார். மேலேயிருந்து பார்ப்பவனுக்கு இது இன்னொரு உடைந்த வீடு. கூரை இல்லாத வீடு இந்த மாவட்டத்தில் யாருக்கும் புதினமில்லை என்றேன். சுவர் நாலும் அப்படியே நின்றதால் தெருவில் போகிறவருக்கும் அவர் தெரியமாட்டார். வாசற்படியையும் தாண்டவில்லை. தீர்மானம் பழுதில்லாமல் இருந்தது.

குடையைத் தேடினார். அதைப் பள்ளிக்கூடத்தில் விட்டிருந்தேன். பாயைத் தேடினார். பாயெல்லாம் கழுவி வாவிக்கரையில் காயப் போட்டிருந்தேன். குசினிக்குத் தனிக் கூரை இருந்தது; ஐந்தடி ஓடினால் போய்விடலாம். அங்கே நான் ஈர விறகை அடுப்பில் வைத்திருந்தேன். இருமிக்கொண்டு திரும்பினார். கட்டிலுக்குக் கீழே போகப் பார்த்தார். முழங்கால் மடியவில்லை. வெயிலிலிருந்து ஒளிப்பதற்கு அவருக்கு நல்ல எலும்பு வேண்டியிருந்தது. நல்ல எலும்புக்கு வெயில் வேண்டியிருந்தது.

காலையில் கிழக்குச் சுவரின் நிழலில் இருந்தார். பின்னேரம் மேற்குச் சுவரின் நிழலில் இருந்தார். இடையில், உச்சி நேரத்தில், சுவரிடமே நிழல் இல்லை. டாக்டரம்மா கேட்ட அரை மணித்தியாலம் அதற்குள்தான் இருந்தது. அகதிகள் தங்கியிருந்ததால் பள்ளிக்கூடம் பதினொரு மணியோடு விட்டுவிடும். நான் குசினி வாசலில் அரிசி கொழித்தபடி மணிக்கூட்டைப் பார்ப்பேன். கூரை வளைகளின் நிழல் நிலத்தில் கோடு கோடாக விழும். நடுவில் என் கணவர், கோடு போட்ட கொப்பியில் எழுதிய ஒற்றை எழுத்தைப் போல, வெறும் மேலோடு இருப்பார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருப்பார். வெயில் கூசுகிறது என்று நினைத்தேன்.

கந்தப்போடி ஒவ்வொரு நாளும் வந்தார். மிச்சக் கட்டை அறுக்க வேண்டும் என்றார். அடுத்த நாள் வளையில் கறையான் பார்க்க வேண்டும் என்றார். மேலே ஏறிக் குறுக்குத் தடியில் இருந்துகொண்டு ஒரு மணித்தியாலம் ஒரே முடிச்சை அவிழ்ப்பார். கீழே பார்ப்பார். ஒன்றும் பேசமாட்டார். என் கணவரும் பேசமாட்டார்.

நாலாம் நாள் வெயில் கடுமை. என் கணவரின் நெற்றியில் வியர்வை ஓடியது. கந்தப்போடி மேலே மெல்ல நகர்ந்து, தன் நிழல் கணவரின் தலையில் விழுகிற மாதிரி இருந்தார். நல்லெண்ணத்தில் செய்தது.

என் கணவர் கண்ணைத் திறந்தார்.

"போடியண்ண, விலகி இரிங்க. எனக்கு நிழல் தராதீங்க."

கந்தப்போடி அசையவில்லை. நான் சுளகை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் அவர் சொன்னார். இரண்டு வருடம் தாழ் போட்டு வைத்திருந்ததைச் சொன்னார். மைதானத்தில் அவருக்கு வலப்பக்கத்தில் இருந்தது நல்லரத்தினம். உயர்ந்த பொடியன். பத்து மணிக்கு வெயில் ஏறியதும், "என்ட பக்கம் சரிஞ்சி இரிங்க கிளாக்கர், என்ட நிழல் சும்மாதானே கிடக்கு" என்றிருக்கிறான். இவர் சரிந்து இருந்தார். வெயில் திரும்பத் திரும்ப அவனும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி இருந்து நிழலைக் கொடுத்தான். மூன்று மணிக்குச் சாக்கு முகம் வந்து நின்றது. ஆட்டியது. அவனை எழுப்பினார்கள்.

"அவன் எழும்பின உடன என்ட மேல வெயில் பட்டிச்சி," என்றார் என் கணவர். "நான் அவன்ட முகத்தப் பாக்கல்ல அண்ண. வெயில் கூசின மாதிரி கண்ண மூடிட்டன்."

வாவிப் பக்கம் எங்கோ ஒரு வள்ளத்தில் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது.

"தண்ணி குடிச்சவனா?" என்று கந்தப்போடி மேலேயிருந்து கேட்டார்.

"ஓம். ஒரு வாளி வந்திச்சி. அவன்தான் எனக்கும் எடுத்துத் தந்தவன்."

"அப்ப சரி."

ஒரு கட்டு அறுந்தது. கந்தப்போடி நகர்ந்து இருந்தார். வெயில் திரும்பி வந்து என் கணவரின் தலையில் விழுந்தது. அவர் அன்றைக்குக் கண்ணை மூடவில்லை.

ஒரு கிழமை என்று பேசியது இரண்டு கிழமை ஆயிற்று. பிறகு ஒரு மாதம். கந்தப்போடி தினமும் உச்சிக்கு வந்து மேலே ஏறுவார். ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான் கேட்பார். அன்றைக்கு என்ன சேர்ட் போட்டிருந்தான்? பகிடி விட்டவனா? தாயைப் பற்றி ஏதும் சொன்னவனா? என் கணவர் யோசித்துத் தெரிந்ததைச் சொல்லுவார், தெரியாததைத் தெரியாது என்பார். ஒரு சொல்லும் கூட்டவில்லை. கிளாக்கராக இருந்ததில் எனக்குப் பிடித்த ஒரே குணம் அதுதான். பதில் கேட்டபின் கந்தப்போடி இறங்கிப் போய்க் கண்ணகைக்குச் சொல்லுவார்.

ஆடி முடிய, என் கணவர் கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பினார். அதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சொல்லவில்லை.

மாரி கிட்ட வந்துகொண்டிருந்தது. கந்தப்போடியிடம் போய்க் கிடுகு எப்போது காயும் என்று கேட்டேன். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"கிடுகு ஆனி மாசமே காஞ்சிட்டு புள்ள."

"மறுகா ஏன் கொண்டுவரல்ல?"

"இன்னும் கேட்டு முடியல்ல."

என் தந்திரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் இன்னொருவருடைய தந்திரம் இருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை.

அதே நேரம் என் கணவரிடமிருந்து எழுத்து மூலம் ஒரு அறிவித்தல் வந்தது. கூரை அகற்றப்பட்டு எண்பத்தாறு நாட்கள் கடந்துவிட்டன. மழைக்காலம் நெருங்குகிறது. உடனடி நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால் மேலிடத்துக்கு அறிவிக்க நேரிடும்.

மேலிடம் எது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, அதுவும் நான்தான் என்று ஒத்துக்கொண்டார்.

"வேய்வம் மச்சான். கிடுகெல்லாம் வந்திட்டு. போடியண்ணன் மேல இருந்து கட்டுவார். கீழ நிண்டு எடுத்துக் குடுக்க ஒராள் வேணும்."

"ஆரு இரிக்கா?"

"ஆரும் இல்ல. அதான் யோசிக்கிறன். ஆள் கிடைக்கிற வரைக்கும் கூரை இப்படியே கிடக்கட்டும்."

வானத்தைப் பார்த்தார். கிழக்கே ஒரு கருக்கல் இருந்தது. அது மழை மேகம் இல்லை, சூளைப் புகை என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அவர் சாரத்தை மடித்துக் கட்டினார். கிடுகு அடுக்கி வைத்த இடம் முற்றத்தின் நடுவில். ஒவ்வொரு கிடுகுக்கும் குனிந்து எடுக்க வேண்டும், நிமிர்ந்து கம்பில் குத்தி மேலே நீட்ட வேண்டும். வழக்கமாக ஒரே நாளில் முடிகிற வேலை. மேலே ஒருவர், கீழே ஒருவர் என்பதால் ஐந்து நாள் பிடித்தது. இரண்டு பேரும் வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். மேலேயிருந்து கேள்வி வரும். கீழேயிருந்து கிடுகும் பதிலும் போகும். சூடு தாங்காமல் சட்டையைக் கழற்றிவிட்டார். கண்ணகை மோர் கொண்டுவந்து கொடுத்தாள். தெருவில் போனவர்கள் "என்ன கிளாக்கர்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவரும் "ஓம், ஓம்" என்றார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைசிக் கிடுகும் ஏறியது. என் கணவர் முற்றத்து மணலில் குந்தி இருந்து, கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கினார். பிறகு எழும்பினார். கையூன்றவில்லை, முனகவில்லை. புதுக்கூரையைப் பார்த்தார். திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். வாசற்படியைப் பார்த்தார். அது அவருக்கு முன்னால் இருபதடி தூரத்தில் இருந்தது. முகம் மாறியது.

"சீதேவி, நான் எப்ப வெளிய வந்தன்?"

"திங்கக்கிழமை," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் தாழ் போடவில்லை. சுகமான பிறகும் விடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதைக் காரணம் காட்டி, கிழமையில் நாலைந்து நாள் உச்சி நேரத்தில் கந்தப்போடியின் வளவுக்குப் போய், சட்டையில்லாமல் அரை மணித்தியாலம் இருந்துவிட்டு வருவார். அவருக்கு எதிரே கந்தப்போடி இருப்பார். கேள்விகள் முடிந்த பிறகும் போனார்.

கந்தப்போடி தொண்ணூற்றெட்டில் காலமானார். இரண்டாயிரத்தேழில் ஊரே வாவியைக் கடந்து ஓட வேண்டி வந்தபோது என் கணவருக்கு எழுபத்தொரு வயது. கண்ணகையின் மூட்டையையும் தலையில் வைத்துக்கொண்டு, துறைவரை தன் காலாலேயே நடந்தார். கதிரை வீட்டிலேயே கிடந்தது. ஆறு வருடம் கழித்து, ஒரு பகல் நித்திரையில் போனார்.

நல்லரத்தினம் இன்றுவரை வரவில்லை.